வெக்கைக்குக் காரணம் கன்னியாவா, கச்சானா, நாமா?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "பூமி எப்போதும் சூடாகியும் குளிர்ந்தும்தானே வந்திருக்கிறது? பனியுகம் வந்தது, போனது. அப்போது வாகனமும் இல்லை, நிலக்கரியும் இல்லை. சூரியன், எரிமலை, பூமிக்குள் இருக்கும் சூடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனிதன்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? நம்ம கன்னியாவில் வெந்நீர் ஊறுகிறதே, அது என்ன? கோணேசர் கோயிலைக் கடல் கொண்டதே, அதுவும் மனிதன் செய்ததா? அப்படியே மனிதன்தான் என்றாலும் நம்மைப் போன்ற சின்ன நாட்டுக்கு இதில் என்ன பங்கு?"

கோயில் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் ஒரு வரிப் பதில் இருக்கிறது: ஆம், அது மனிதன் செய்ததுதான். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள், மிச்சம் சுவாமி மலை அடியில் கடலுக்குள் போனது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் பார்த்ததும் அந்த இடிபாடுகளைத்தான். கடல் மட்டம் ஏறி வந்து விழுங்கிய கதை இல்லை. ஆகவே அதை இந்த வழக்கில் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

மற்றவை அப்படி ஒரு வரியில் முடியாது. உயர்தர வகுப்புக்கு நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவன் நான். இந்தக் கேள்வியை வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், கேட்கிற பிள்ளை பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும். பூமி தானாகவும் சூடாகும், தானாகவும் குளிரும் என்பது முழு உண்மை. அதை மறுக்கிற விஞ்ஞானி ஒருவரும் இல்லை, சொல்லப்போனால் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களே அவர்கள்தான். கேள்வி என்னவென்றால், இப்போது ஏறிக்கொண்டிருக்கிற சூடு எந்தக் காரணத்தால் ஏறுகிறது என்பது.

உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களிடம் போய்ப் பாருங்கள். கடல் கலங்குவது காற்றால்தான், ஆனால் அவர்கள் வெறுமனே "காற்று" என்று சொல்லமாட்டார்கள். வாடையா, சோளகமா, கச்சானா என்று அலை வருகிற பக்கத்தையும் நீரோட்டத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்தே பிரித்துவிடுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு காற்றும் கடலில் வேறு வேறு விதமாகத் தெரியும். சூட்டுக்கும் அப்படித்தான். சூரியன் சூடாக்கினால் ஒரு அடையாளம், எரிமலை என்றால் இன்னொன்று, காபனீரொட்சைட்டு என்றால் வேறொன்று. கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த அடையாளங்களைப் பற்றித்தான்.

அதற்கு முன் நம்ம ஊர் வெக்கையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. வைகாசியிலிருந்து ஆவணி வரை திருகோணமலையில் பகல் பத்து மணிக்கு மேல் தெருவில் இறங்கினால் அடுப்புக்கு முன்னால் குனிந்தது போல முகத்தில் அடிக்கும். அது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் ஈரத்தோடு மலை ஏறி, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. காய்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஏறும்போதோ அந்த ஈரக்காற்று அவ்வளவு குளிர்வதில்லை, நீராவி மழையாக மாறும்போது தன் சூட்டை வெளியே விட்டுவிடும். ஆக, ஏறியபோது இருந்ததை விடச் சூடாக இறங்குகிறது. இது சுத்தமான இயற்கை, இராவணன் காலத்திலும் அடித்திருக்கும். அதோடு முற்றத்து வேம்பையும் மாவையும் வெட்டிச் சீமெந்து போட்டு, மேலே அஸ்பெஸ்டஸ் கூரையும் வேய்ந்துவிட்டு "உலகம் சூடாகிவிட்டது" என்று சொல்கிற வீடுகளும் நிறைய இருக்கின்றன, என் வீடும் உட்பட. அது ஊர்ச்சூடு. நான் பேசப்போவது, துருவம், கடல், பாலைவனம், நகரம், நாட்டுப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து ஒரு பாகைக்கு மேல் ஏறியிருக்கிறதே, அந்தச் சூட்டைப் பற்றி.

சரி, கன்னியா. ஏழு கிணறு, ஒன்றுக்கொன்று சூடு வித்தியாசம், இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்தி எடுத்த தண்ணீர் என்பது ஐதீகம். புவியியல் சொல்கிற கதை கொஞ்சம் சப்பென்று இருக்கும்: இலங்கையில் எரிமலை இல்லை, மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கிற இயற்கைச் சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. பூமிக்குள்ளிருந்து இப்படி மேலே வருகிற சூடு உலகச் சராசரியில் சதுர மீற்றருக்கு 0.09 வாட் மட்டும். சூரியனிடமிருந்து பூமி உறிஞ்சுவது சதுர மீற்றருக்கு 240 வாட். அளவு சின்னது என்பதை விட, அது நூற்றாண்டுக் கணக்கில் மாறுவதில்லை என்பதுதான் முக்கியம். மாதாமாதம் ஒரே வாடகை கட்டுகிற கடைக்காரர், இந்த மாதம் நட்டம் கூடியதற்கு வாடகையைக் காரணம் சொல்ல முடியாதுதானே.

சூரியன் அப்படி லேசில் விட்டுவிடக்கூடிய ஆள் இல்லை, மொத்தச் சூடும் அவரிடமிருந்துதான் வருகிறது. அவருக்கு ஏறத்தாழ 11 வருடச் சுழற்சி ஒன்று உண்டு, அதில் ஒளி 0.1 சதவீதம் அளவுக்குக் கூடிக் குறையும். 1978இலிருந்து செய்மதிகள் இதை விடாமல் அளந்து வருகின்றன. இந்தக் காலம் முழுக்கச் சூரியன் கூடவில்லை, பார்க்கப்போனால் சற்றே குறைந்திருக்கிறது, பூமியின் சூடோ ஏறிக்கொண்டே போகிறது. இது மட்டும் போதாது என்று நினைத்தால் இன்னும் பலமான சாட்சி வளிமண்டலத்தின் மேல் பகுதியில் இருக்கிறது. நாம் வாழ்கிற கீழ்க்காற்றுக்கு மேலே படைமண்டலம் என்று ஒரு அடுக்கு உண்டு, ஓசோன் இருக்கிற இடம். சூரியன் கூடுதலாக எரிந்தால் கீழும் மேலும் இரண்டுமே சூடாக வேண்டும். வெப்பத்தைப் பிடித்துவைக்கிற வாயு கூடினால் கீழே சூடாகும், மேலே குளிரும். அளந்து பார்த்தால் கீழே சூடு, மேலே குளிர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், சியுக்குரோ மனாபே என்கிற ஜப்பானிய விஞ்ஞானி 1967இலேயே, அளவீடுகள் வருவதற்கு முன்பே, கணக்குப் போட்டு "காபனீரொட்சைட்டு கூடினால் மேல் அடுக்கு குளிரும்" என்று எழுதிவிட்டார். 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் பொறுத்து. இன்னொரு அடையாளமும் உண்டு: உலகச் சராசரியில் பகலை விட இரவுதான் வேகமாகச் சூடாகியிருக்கிறது. சூரியன் காரணம் என்றால் இது எப்படிச் சரிவரும்? இரவில் அவர் வேலையில் இல்லை.

பனியுகக் கேள்விக்கு வருகிறேன், இதுதான் தம்பியின் கேள்வியிலேயே கனமான பகுதி. பனியுகம் வருவதும் போவதும் பூமி சூரியனைச் சுற்றுகிற பாதையின் சின்னச் சின்ன மாற்றங்களால். பாதையின் வட்டம் கொஞ்சம் நீள்வது, பூமியின் அச்சு சாய்வது, அந்த அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவது என்று மூன்று ஆட்டம். முறையே ஒரு இலட்சம், 41,000, ஏறத்தாழ 23,000 வருடச் சுழற்சிகள். மிலாங்கோவிச் என்கிற சேர்பியக் கணிதக்காரர் இதைக் கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். 20,000 வருடங்களுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக்கு நீரிணை பெரும்பகுதி அவ்வளவு ஆழமே இல்லை, ஆகவே மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம், கடவுச்சீட்டும் இல்லை, கடற்படையும் இல்லை. அதிலிருந்து வெளியே வர உலகம் ஐந்தாறு பாகை சூடானது. எவ்வளவு காலத்தில்? ஏறத்தாழ 10,000 வருடத்தில். நூறு வருடத்துக்கு 0.05 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பத்து வருடத்துக்கு 0.2 பாகை ஏறுகிறது. அதாவது பத்து வருடத்தில் நடப்பதற்கு அப்போது நானூறு வருடம் எடுத்தது. இதையெல்லாம் விட, அந்தச் சுழற்சிக் கணக்குப்படி பூமி இப்போது மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டிய கட்டம். பாதை ஒரு பக்கம் இழுக்கிறது, வெப்பமானி மற்றப் பக்கம் போகிறது.

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள்: "அந்தார்ட்டிக் பனியைத் துளைத்துப் பார்த்ததில் முதலில் சூடு ஏறியிருக்கிறது, பிறகுதான் காபனீரொட்சைட்டு ஏறியிருக்கிறது, அப்படியானால் அது காரணமா விளைவா?" இரண்டும்தான். கிறீம் சோடாப் போத்தலை வெயிலில் வைத்துத் திறந்தால் என்ன ஆகும்? வாயு பொங்கிக்கொண்டு வெளியேறும். கடலும் அப்படித்தான், சூடானால் தன்னிடம் கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டை விடும். பனியுக முடிவில் பாதை மாற்றம் கொஞ்சம் சூடாக்கியது, கடல் வாயுவை விட்டது, அந்த வாயு இன்னும் சூடாக்கியது. இப்போது நாம் செய்கிறது என்னவென்றால், சூடாகும் வரை காத்திருக்காமல் வாயுவை நேரே காற்றில் கொட்டுகிறோம். கடைசி 8 இலட்சம் வருடத்தில் காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 180இலிருந்து 300 பங்கு வரைக்குள்தான் ஆடிக்கொண்டிருந்தது. கைத்தொழில் புரட்சிக்கு முன் 280. இப்போது 420க்கு மேல்.

எரிமலையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரிய எரிமலை வெடித்தால் பூமி சூடாவதில்லை, குளிர்கிறது. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது, அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைகாலமே வரவில்லை, பயிர் அழிந்தது. 1991இல் பிலிப்பைன்சில் பினற்றூபோ வெடித்தபோது கந்தகத் துகள்கள் மேலே போய் வெயிலை மறைத்து, உலகச் சூட்டை ஒன்றிரண்டு வருடத்துக்கு அரைப் பாகை அளவு குறைத்தன. எரிமலைகள் காபனீரொட்சைட்டும் விடும்தான், ஆனால் உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எல் நினோவைப் பற்றியும் கேட்கிறார்கள், சில வருடத்துக்கு ஒருமுறை பசிபிக் கடலின் மேல்தண்ணீர் வழமையை விடச் சூடாகிறதே, அது. 1997-98, 2015-16, 2023-24 மூன்றும் பலமான எல் நினோக்கள், அந்தந்த நேரத்தில் உலகச் சூடு எகிறியதும் உண்மை. 1998இல் இலங்கையைச் சுற்றி முருகைக்கற்கள் பரவலாக வெளுத்தது அதன் தொடர்ச்சிதான். ஆனால் எல் நினோ பசிபிக் கடலில் இருந்த சூட்டை எடுத்துக் காற்றுக்குக் கொடுக்கிறது, புதிதாக உண்டாக்குவதில்லை. இந்தச் சட்டைப்பையில் இருந்த காசை அந்தச் சட்டைப்பைக்கு மாற்றினால் மொத்தம் கூடுமா? கடலும் காற்றும் இரண்டுமே சூடாகிக்கொண்டு போகின்றன என்றால் காசு வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். கூடுதல் சூட்டில் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது, புறாத்தீவில் முருகைக்கல் பார்க்க முகமூடி போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் நிற்பது அந்தக் கணக்கின் மேல்தான். இன்னொரு விஷயம்: எல் நினோவுக்கு எதிரான லா நினா வருடங்களான 2021உம் 2022உம், குளிராக இருந்திருக்க வேண்டியவை, அந்தக் காலத்து 1998 எல் நினோவை விடச் சூடாக இருந்தன. அலை மேலும் கீழும் போகிறது, ஆனால் வள்ளம் நிற்கிற தண்ணீரே உயர்ந்திருக்கிறது.

ஆக இயற்கை ஆட்கள் எல்லாரையும் விசாரித்தாயிற்று. இனி மனிதன்.

வாயு எப்படிச் சூடாக்குகிறது என்பது புதிய கதை இல்லை. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்கிற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு இருந்த குழாய்தான் கூடச் சூடானது என்று கண்டார். 1859இல் ஜோன் ரின்டல் அதை இன்னும் துல்லியமாக அளந்தார். 1896இல் சுவீடனில் அரேனியஸ் கணக்கே போட்டுவிட்டார். காற்றில் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் நிலத்திலிருந்து மேலே போகிற வெப்பக் கதிரைக் கவனிப்பதே இல்லை, நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்றவைதான் பிடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி சூடு சைபருக்குக் கீழே 18 பாகை. இருப்பதால் 15 பாகை. பச்சைவீட்டு விளைவு கெட்ட விஷயம் இல்லை, உயிர் வாழ்வதே அதனால்தான், அளவு கூடுவதுதான் தொல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"சரி, கூடின காபனீரொட்சைட்டு நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும், அதில் பெயரா எழுதியிருக்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டான். உண்மையில் எழுதியிருக்கிறது. காபனில் 14 என்று ஒரு கதிர்ச்சமதானி உண்டு, அதாவது கதிர் வீசித் தானே தேய்ந்துபோகிற ஒரு வகை, 5,730 வருடத்தில் பாதியாகிவிடும். உயிரோடு இருக்கிற மரத்தில் அது இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடம் நிலத்துக்குள் கிடந்தவை, அவற்றில் ஒரு துளி கூட மிச்சமில்லை. காற்றில் இருக்கிற காபனில் 14இன் பங்கு குறைந்துகொண்டு வருகிறது என்றால் பழைய காபன் வந்து கலக்கிறது என்று பொருள், ஹான்ஸ் சூஸ் 1955இல் இதைக் கண்டார். அடுத்தது காபன் 13. தாவரங்களுக்கு அது அவ்வளவு பிடிக்காது, ஆகவே தாவரத்திலிருந்து வந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது குறைவு; காற்றிலும் அதன் பங்கு இறங்குகிறது. எரிமலை வாயுவில் அப்படிக் குறைவதில்லை. மூன்றாவது, எரிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். சார்ள்ஸ் கீலிங் 1958இல் ஹவாயில் மௌனா லோவா மலையில் காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார், அப்போது 315 பங்கு. அவருடைய மகன் ரால்ப் கீலிங் பிறகு ஒட்சிசனை அளக்கத் தொடங்கினார், அது எரிப்புக்கு ஏற்றபடி குறைகிறது. மூச்சு முட்டுகிற அளவுக்கெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் எரிப்பு நடக்கிறது என்பதற்கு இரசீது போல. கடல்தான் விடுகிறது என்று சொல்பவர்களுக்கு: கடலின் காரத்தன்மை குறைந்துகொண்டு போகிறது, அதாவது கடல் வாயுவை வாங்குகிறது, கொடுக்கவில்லை.

இன்னொரு வாதம் அடிக்கடி வரும். "இயற்கை விடுகிற காபனீரொட்சைட்டோடு பார்த்தால் மனிதன் விடுவது சின்னப் பங்குதானே?" உண்மைதான், மூச்சு, இலை உக்குவது, கடல் என்று இயற்கை பல மடங்கு கூடுதலாக விடுகிறது. ஆனால் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கந்தளாய்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். வருகிற தண்ணீரும் வாய்க்காலில் போகிற தண்ணீரும் சமமாக இருந்தால் மட்டம் அப்படியே நிற்கும். யாரோ ஒருவர் ஒரு சின்னக் குழாயை வைத்து இரவு பகலாக உள்ளே விட்டால்? ஆற்றோடு ஒப்பிட்டால் குழாய் ஒன்றுமில்லைதான், ஆனாலும் ஒரு நாள் குளம் வான் பாயும். நம்ம குழாய் வருடத்துக்கு ஏறத்தாழ 3,700 கோடி தொன், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சீமெந்து எல்லாம் சேர்த்து. அதில் கால்வாசியைக் கடல் குடிக்கிறது, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காடும் மண்ணும் எடுக்கின்றன, மிச்சம் ஏறக்குறையப் பாதி மேலே நிற்கிறது.

சீமெந்து என்றதும் பலர் ஆலைப் புகையை நினைப்பார்கள். எரிபொருள் ஒரு பகுதிதான். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிற காபனீரொட்சைட்டே கழன்று வெளியேறும், சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அது வெளியேறத்தான் செய்யும். உலகக் காபனீரொட்சைட்டில் ஏழெட்டு சதவீதம் சீமெந்துக் கணக்கு.

மெதேன் நம்ம ஆட்களுக்கு நெருக்கமான சாமான். தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் சேற்றுக்குள் காற்றுப் போகாது, அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் உக்கலைத் தின்று மெதேனை விடும். அல்லை, தம்பலகாமம், கந்தளாய் என்று நம்ம மாவட்டத்துப் பெரும்போகம் எல்லாம் அந்த வேலைதான் செய்கிறது. மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிருக்குப் பால் தருகிற எருமையும் அசைபோடும்போது வாயால் ஏப்பமாக மெதேன் விடும் (பின்பக்கத்தால் என்று எல்லாரும் சிரிப்பார்கள், அது மிகக் கொஞ்சம்). பிறகு குப்பை மேடு, எரிவாயுக் குழாய்க் கசிவு, நிலக்கரிச் சுரங்கம். மெதேன் பன்னிரண்டு வருடம் போலத்தான் காற்றில் நிற்கும், ஆனால் 20 வருடக் கணக்கில் எடைக்கு எடை காபனீரொட்சைட்டை விட 80 மடங்கு சூடாக்கும். அதற்காக நெல் விதைக்காதே என்று சொல்கிற பைத்தியக்காரன் நான் இல்லை. இடையிடையே வயலை வடியவிட்டுக் காயவைத்தால் மெதேன் கணிசமாகக் குறையும், விளைச்சலும் பெரிதாகக் கெடாது, தண்ணீரும் மிச்சம். யூரியா போட்ட மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டு வரும், அது காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 270 மடங்கு. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியதன் கதை நம்ம விவசாயிகளுக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது, அளவோடு போடுவதற்கும் அடியோடு நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் செய்த வேலை அது, நான் அதைப் பற்றி இங்கே பேசத் தொடங்கினால் முடிக்கமாட்டேன்.

குளிர்சாதனப் பெட்டி வாயுக்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தமிழரைச் சொல்லாமல் போக முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் இராமநாதன், தொடக்கத்தில் குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிறகு அமெரிக்கா போய் 1975இல், அந்தக் குளிரூட்டி வாயுக்களின் ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டின் ஒரு மூலக்கூறை விடப் பத்தாயிரம் மடங்கு அளவில் வெப்பத்தைப் பிடிக்கும் என்று காட்டினார். அதுவரை காபனீரொட்சைட்டு ஒன்றுதான் பேச்சு.

அவரே 1999இல் இந்து சமுத்திரத்தின் மேல் பறந்து அளந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது: துணைக்கண்டத்துப் புகை. மனிதன் சூடாக்குவது மட்டுமில்லை, குளிரவும் வைக்கிறான் என்பது பலருக்குத் தெரியாது. நிலக்கரியிலும் கப்பல் எண்ணெயிலும் இருக்கிற கந்தகம் சின்ன எரிமலை போல வேலை செய்து வெயிலைக் கொஞ்சம் மறைக்கும். நம்ம கடலுக்கு வெளியே கொழும்பு, சிங்கப்பூர் என்று போகிற கப்பல்கள் எரிக்கிற எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று இருந்தது, 2020இலிருந்து 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சர்வதேசச் சட்டம் வந்தது. சுவாசத்துக்கு நல்லது. ஆனால் மறைத்துக்கொண்டிருந்த திரை கொஞ்சம் விலகியதால் கீழே இருந்த சூடு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

நீராவிதான் மிகப் பெரிய பச்சைவீட்டு வாயு என்று சொல்லி மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது சரி, ஆனால் நீராவி தானாகக் கூடாது, பத்து நாளுக்குள் மழையாகிவிடும். காற்றுச் சூடானால்தான் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 7 சதவீதம். அது எரிகிற அடுப்பில் ஊதுகிறவர், கொளுத்தியவர் இல்லை. மழை ஒரேயடியாகக் கொட்டுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு புயலையும் இதன் தலையில் கட்டுவதும் சரியில்லை. 1964 டிசம்பரில் திருகோணமலையை அடித்த புயல், 1978இல் மட்டக்களப்பை அடித்த புயல், 2020இல் குச்சவெளிப் பக்கம் கரையேறிய புரெவி, வங்காள விரிகுடா எப்போதும் புயல் பெறுகிற கடல்தான். சூடான கடல் புயலுக்குக் கூடத் தீனி போடும், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கூட்டிக் கழித்தால் எவ்வளவு? காலநிலை பற்றிய ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் குழு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 2010களுக்குள் ஏறிய சூடு ஏறத்தாழ 1.1 பாகை, அதில் மனிதனின் பங்கும் ஏறத்தாழ 1.1 பாகை. சூரியன், எரிமலை இரண்டின் பங்கு கூடினாலும் குறைந்தாலும் 0.1 பாகைக்குள். மனிதனால் வந்து சேர்ந்திருக்கிற கூடுதல் சூடு, புகைத்திரையின் குளிர்ச்சியைக் கழித்த பிறகும், சதுர மீற்றருக்கு 2.7 வாட். பூமி முழுவதும், கடல், மலை, கோணேசர் கோயில் வீதி, உங்கள் முற்றம் என்று ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்பை இரவும் பகலும் அணைக்காமல் எரியவிட்டது போல. கன்னியாவின் 0.09ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, சின்ன நாடு பற்றிய கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. தலைக்கு இலங்கையர் வருடத்துக்கு ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டு விடுகிறோம், உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு, அமெரிக்கர் ஏறத்தாழ 14. இதுவரை சேர்ந்ததில் கால்வாசி அளவு அமெரிக்கா ஒன்றே விட்டது. ஆகவே ஓட்டோக்காரரைப் பார்த்து "நீதான் உலகத்தைச் சூடாக்குகிறாய்" என்று சொல்வது அபத்தம்.

அளவு புரிவதற்கு நம்ம ஊர்க் கணக்கு ஒன்று. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் லீற்றர் கொள்ளும். காட்டுக்குள் அவை நிற்கிற பிரமாண்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனையையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டு உலகத்திடம் கொடுத்தால் எத்தனை நாளுக்குப் போதும் என்று நினைக்கிறீர்கள்? உலகம் ஒரு நாளைக்கு எரிப்பது ஏறத்தாழ பத்துக் கோடி பீப்பாய். கணக்குப் போட்டால் இரண்டு மணித்தியாலம் கூடத் தாங்காது.

அதே தாங்கிகள் அத்தனையையும் எரித்தால் வருகிற காபனீரொட்சைட்டு, என் கணக்கில், முப்பது இலட்சம் தொன்னுக்குச் சற்று மேல். இங்கிருந்து விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாக இருந்ததே, கட்டியிருந்தால் அது ஒரு வருடத்தில் விட்டிருக்கக்கூடியதும் ஏறக்குறைய அதே அளவு. வருடா வருடம் 99 தாங்கியும். 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடக்கினார்கள். மெகாவாட் கணக்கில் அது நிலக்கரியின் கால்வாசிதான், இரவில் ஓடாது, அதனால் இரண்டும் சமம் என்று நான் சொல்லவரவில்லை, தம்பி. ஆனால் "நம்ம பங்கு என்ன" என்று கேட்டீர்களே, அதில் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பெரியது ஓட்டோவோ வயலோ இல்லை, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் எதைக் கட்டுகிறோம் என்பதுதான்.